மெத்தை போட்ட இருட்டு

என் அக்காவின் கணவர் வேலை இழந்தவர்களைப் பூவாக உதிர்த்தவர். கேட்க அழகாக இருக்கும். நடந்தது இதுதான். ஒரு பெரிய கூடத்தின் நான்கு சுவர்களிலும் தரையிலும் புரொஜெக்டர் வெளிச்சத்தை அடித்து, வேலை இழந்த ஒவ்வொருவருக்கும் ஒரு இதழ் என்று கணக்கு வைத்து, இளஞ்சிவப்பு இதழ்களை மேலிருந்து விழ வைத்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அதன் அடியில் கையை விரித்து நின்று செல்பி எடுத்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி போட்டோகிராபரையே கூட்டிக்கொண்டு வந்தது. எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது. இலவச டிக்கெட் கொடுத்தும் அவர் போகவில்லை. "என்மேல நானே விழுறதை நின்னு பாக்கணுமா?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்தது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களை மீனாக நீந்த விட்டது. நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி என்பதால், எந்த மீன் நான் என்று கேட்டேன்.

"நீ தனியா ஒரு மீன் இல்லம்மா. நீ ஒரு கூட்டத்தோட ஓட்டம்" என்றார்.

நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'அலை'. எந்த எண்ணைக் கையில் கொடுத்தாலும் கடைசியில் அதை ஓர் அலையாக்கி சுவரில் ஓட விட்டுவிடுவார் என்பதால் வைத்த பெயர். அவருக்கு அது பட்டப்பெயர் என்று தெரியாது, பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை என்று அக்கா சொல்வாள். அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். மகனுக்கு ஸ்பேனரைப் பிடிக்கவே வராது. கல்லூரியில் புள்ளியியல் படித்தார். அதில் ஆசை இருந்து படித்தாரா, இடம் கிடைத்ததால் படித்தாரா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். பிறகு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. காலித் தண்ணீர் கேன்களை அடுக்கி வைக்கிற அறையில் ஒரு மூலையில் மேஜை போட்டு, ஆண்டறிக்கைக்கு வரைபடம் போடச் சொன்னார்கள். எந்த ஊரில் எத்தனை பேர் பாலிசியைக் கைவிட்டார்கள், ஏன் கைவிட்டார்கள் என்றெல்லாம் பட்டை பட்டையாகப் போட்டார். ஒரு நாள் மேனேஜரைப் பார்க்கப் போனபோது அவர் போட்ட அறிக்கை மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது. பிரிக்காத உறையோடு.

"ஒரு வருஷ உழைப்பு. மேஜை ஆடாம நின்னுச்சு" என்று இன்றைக்கும் சொல்வார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் எனக்கும் அவர்மேல் இரக்கம்தான். பிறகு செய்ததுதான் பொறுக்கவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்ற கோபத்தில், பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாத ஒன்றைச் செய்யக் கிளம்பிவிட்டார்.

மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு அம்மாள் ஒளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தார் அத்தான். அந்த அம்மாள் இருட்டு அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர். "எண்கள் மூச்சு விடணும்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வசனம். எண் எப்படி மூச்சு விடும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் நமக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடும்.

"மேடம் பாக்கிற மாதிரி வேற யாராலும் பாக்க முடியாது" என்று ஒரு நாள் சாப்பிடும்போது அத்தான் சொன்னார்.

"இருட்டுல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நடந்தா, நிஜமாவே முடியாதுங்க" என்றாள் அக்கா.

வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கூடத்தில் ஒரு வண்ண பல்பை மாட்டி, வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி நிறம் மாறும்படி செய்தார். குறைவாக ஓடினால் நீலம், கூடினால் சிவப்பு. அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்த மறு நிமிஷம் வீடே ரத்தச் சிவப்பாகிவிடும். அம்மா பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு துண்டை எடுத்து பல்புமேல் போர்த்திவிட்டு இஸ்திரி போட்டாள். "மாப்பிள்ளை, உங்க பல்பு என்னைத் திட்டிக்கிட்டே இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அந்தத் துண்டு அங்கேயேதான்.

இனி அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, கடைவீதி, நகரசபை எல்லாம் கேட்டுக்கு இந்தப் பக்கம். நடுவில் ஒரு சுரங்கப்பாதை உண்டு, ஆனால் மேல்தளம் தாழ்வானது. கார் போகும், சின்ன வேன் போகும், ஆம்புலன்ஸ் போகாது. கூரையில் இருக்கிற விளக்கு இடிக்கும். ஒரு நாள் காலையில் அம்மா டம்ளரைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. பேச்சு குழறியது, வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அக்கா ஆம்புலன்சுக்கு போன் போட்டாள். "வண்டி கிளம்பிடுச்சும்மா" என்றார்கள். வண்டி உண்மையாகவே கிளம்பியிருந்தது. கேட்டில் சரக்கு ரயில் ஒன்று முன்னும் பின்னுமாகப் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டி திரும்பிப் போய்விட்டது. அதற்குள் எங்கள் தெரு மெத்தைக் கடைக்காரர் தன்னுடைய சின்ன வேனைக் கொண்டுவந்து, இரண்டு புது மெத்தைக்கு நடுவில் அம்மாவைப் படுக்க வைத்து, சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வலது கை மட்டும் பழையபடி ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் கையும் தப்பித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தான் அன்றைக்குக் கூடத்தில் மீன்களுக்கு வால் ஆடும் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தகவல் தெரிந்ததும் ஓடிவந்தார், அழுதார். அதை மறைக்கக் கூடாது. நல்லவர்தான். நல்லவராக இருப்பதும் இதைச் செய்வதும் ஒரே ஆளுக்கு எப்படி முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மறு வருஷம் நகரசபை புதிதாக ஒரே ஒரு ஆம்புலன்ஸ் நிலையம் அமைக்க முடிவு செய்தது. கேட்டுக்கு அந்தப் பக்கமா, அல்லது உயரமான அடுக்குமாடிகள் நிற்கிற ஏரிக்கரையிலா என்று கேள்வி. அதை உட்கார்ந்து படித்து முடிவு செய்ய அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஆம்புலன்ஸ் அழைப்புகள் அத்தனையையும் கூலிங்கிளாசிடம் கொடுத்து, மக்களும் பார்க்கிற மாதிரி, தாங்களும் பார்த்து முடிவு செய்கிற மாதிரி ஒரு கூடம் அமையுங்கள் என்றார்கள். அந்த வேலை அத்தான் கைக்கு வந்தது.

எங்கள் தெருவில் நிலையமே வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். அலை நம்ம ஆள், விடமாட்டார் என்றார் மெத்தைக் கடைக்காரர். அம்மாவுக்கு வேறொரு பெருமை. ஒவ்வொரு அழைப்பும் ஒரு புள்ளி என்று அத்தான் சொல்லியிருந்தார். "என் புள்ளியும் அதுல இருக்கு" என்று காலையில் தன்னோடு நடக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். ஏதோ சினிமாவில் நடித்துவிட்ட மாதிரி.

திறப்புவிழாவுக்கு முதல் நாள் குடும்பத்தார் பார்க்கலாம் என்றார்கள். போனோம். தரை முழுக்க நகரத்தின் வரைபடம், இருட்டில். யாராவது ஆம்புலன்சுக்குக் கூப்பிட்ட இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைக்கும். வண்டி வந்து சேர்கிறவரைக்கும் அது வளர்ந்துகொண்டே போய்ச் சிவக்கும். வந்ததும் சுருங்கி அணையும். ஏரிக்கரைப் பக்கம் பெரிய பெரிய சிவப்புப் பூக்கள் விரிந்து விரிந்து அணைந்தன. சுவர் வழியாக அது அலையாக ஓடியது. பின்னணியில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஓர் இசை. அழகாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலே.

ஒரு மூலையில் மட்டும் புள்ளியே இல்லை. நல்ல இருட்டு. அங்கே கூலிங்கிளாஸ் மெத்தைகளைப் போட்டு வைத்திருந்தார். யாருடைய குடும்பமோ தெரியவில்லை, இரண்டு பேர் அதில் மல்லாந்து படுத்திருந்தார்கள்.

"என்ன ஒரு அமைதி இல்ல?" என்றாள் ஒருத்தி.

"இங்கேயே தூங்கிடலாம் போல இருக்கு" என்றார் கூட இருந்தவர்.

அம்மா தரையில் தேடித் தேடி நடந்தாள். "ஸ்டேஷன் இது. கேட் இது. அப்ப நம்ம வீடு எங்க மாப்பிள்ளை?"

அத்தான் கை காட்டினார். "அதோ அத்தை, அந்த மெத்தை போட்ட இடம்தான்."

"அங்க ஒரு புள்ளியும் காணோமே."

"ஓடிக்கிட்டே இருக்கு அத்தை. ஒரு வருஷம் முழுக்க ஓடி முடியணும். உங்க தேதி வரட்டும்."

அம்மாவின் தேதி வந்தது. சுவரில் தேதி பெரிதாகத் தெரிந்தது. ஏரிக்கரையில் மூன்று பூ பூத்தது. கடைவீதியில் ஒன்று. தேதி மாறிவிட்டது.

"போயிடுச்சே" என்றாள் அம்மா. "நான் கண்ணைக் கொட்டிட்டேனா?"

"இல்லம்மா, நாங்களும் பாத்தோம். வரலை" என்றாள் அக்கா.

அத்தான் கம்ப்யூட்டர் இருக்கிற மேஜைக்குப் போனார். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார். அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். வண்டி வந்து சேர்ந்ததும் டிரைவர் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அதுதான் 'வந்தாச்சு' என்பதற்கு அடையாளம். வண்டி வராமலே போனால் யாரும் அமுக்க மாட்டார்கள், அந்த இடம் வெறுமையாக இருக்கும். எந்த வேலையைத் தொடங்கும்போதும் இப்படி ஓட்டை விழுந்த பதிவுகளைச் சலித்துக் கீழே கொட்டிவிடுவது இவர்கள் வழக்கம். ஓட்டை இருந்தால் அலை தடுக்கும், ஓட்டம் கெடும். ஒரே ஒரு கட்டளை. இதழுக்கும் மீனுக்கும் போட்ட அதே சல்லடையை, யோசிக்காமல், கைப்பழக்கத்தில் இதற்கும் போட்டிருக்கிறார்.

ஆக, தாமதமாகப் போய்ச் சேர்ந்த வண்டி எல்லாம் சிவப்புப் பூவாக மலர்ந்தது. போய்ச் சேரவே சேராத வண்டி எல்லாம் அமைதியான இருட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நகரசபைக்காரங்க வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"ஏரிக்கரைன்னுதான் சொல்லுவாங்க" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப சல்லடையைத் தூக்கிப் போடுங்க."

"அது அவ்வளவு லேசு இல்லம்மா. முடியாத புள்ளியைப் போட்டா அது வளந்துக்கிட்டே போகும். எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது. மேடத்துக்கு அந்த இருட்டு மூலைதான் உயிர். ஓய்வுன்னு சொல்றாங்க. அதைக் கெடுத்தா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. வேணும்னா பக்கத்துல ஒரு சின்ன போர்டு வைக்கலாம். 'இந்தப் பகுதிக்கு முழுமையான தரவு இல்லை'ன்னு."

"இருட்டுல போர்டு. அதைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு படிக்கணும். அவ்வளவுதானே?"

"நீ எல்லாத்தையும் கிண்டலாவே பேசு."

"அன்னைக்கு போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். கிண்டலாவாவது பேசுறேனேன்னு சந்தோஷப்படுங்க."

அத்தான் ஒரு பெரிய விரிவுரையை ஆரம்பித்தார். பார்வையாளருக்குக் களைப்பு வரும், அதனால் கண்ணுக்கு இளைப்பாறுகிற இடம் அவசியம் என்று என்னென்னவோ சொன்னார். அம்மா இடது கையால் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் கேட்டாள்.

"அதெல்லாம் சரி மாப்பிள்ளை. எங்க தெருவுல எதுக்கு மெத்தை போட்டிருக்கீங்க? நான் மெத்தை வேன்ல போனது தெரிஞ்சா போட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விரிவுரை அங்கேயே நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் அவர் எங்களோடு பேசாமல் முன்னாடியே கிளம்பிப் போனார். நாங்கள் எல்லோருமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனோம். மெத்தைக் கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

நகரசபைத் தலைவர் ஓர் அம்மாள், நல்ல உயரம். கூட உறுப்பினர்கள் சிலர். கூலிங்கிளாஸ் வரவேற்று, "எண்கள் இங்கே மூச்சு விடுது" என்று ஆரம்பித்தார். விளக்குகள் அணைந்தன. அதே வரைபடம், அதே இசை. ஏரிக்கரையில் முதல் பூ பூத்து அணைந்தது. ஏரிக்கரை உறுப்பினர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு மெத்தை மூலையில் ஒரு புள்ளி முளைத்தது. வளர்ந்தது. சிவந்தது. அணையவில்லை. பக்கத்தில் இன்னொன்று முளைத்தது, அதுவும் அணையவில்லை. வருஷம் ஓட ஓட ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி, சிவப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து வெளுத்து, கேட்டைத் தாண்டி, கடைவீதியை விழுங்கி, சுவரில் ஏறியது. அலை இல்லை, பூ இல்லை, ஒரு நயமும் இல்லை. மெத்தையில் படுத்திருந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். கடைசியில் கூடம் முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம், வெல்டிங் பட்டறை மாதிரி. ஏரிக்கரைப் பூக்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. எல்லோரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அசையாமல் நின்றவர் கூலிங்கிளாஸ் ஒருவர்தான். அவருக்குத்தான் கண் கூசாதே.

"மெஷின் கெட்டுப் போச்சா?" என்றார் தலைவர்.

"ரிப்பேர் மாதிரிதான் இருக்கு" என்று கூலிங்கிளாஸ் அத்தானை முறைத்தார்.

அத்தான் முன்னால் வந்தார். நன்றாகப் பேசக்கூடியவர்தான். அன்றைக்கு ஒரு வார்த்தையும் கோவையாக வரவில்லை. "இல்ல மேடம், அது... இவங்களும் கூப்பிட்டவங்க மேடம். நேத்து வரைக்கும் நான் எடுத்து வெளிய போட்டு வெச்சிருந்தேன். தப்பு என்னோடது" என்றார்.

"பொய்யா கூப்பிட்டவங்களா இருக்கும்" என்றார் ஏரிக்கரை உறுப்பினர். "வேண்டாம்னு ரத்து பண்ணினவங்களா இருக்கும்."

"ரத்து பண்ணினது தனிக் கணக்கு சார். அது இதுல இல்ல. இது பூராவும் வண்டி கிளம்பினது. போய்ச் சேரலை."

"சரிப்பா, முதல்ல இதை அணை. கண்ணு எரியுது" என்றார் தலைவர்.

"அணையாது மேடம்."

"எப்பத்தான் அணையும்?"

"வண்டி வந்தாதான் அணையும். நான் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்."

அவர் சாமர்த்தியமாகப் பேசவில்லை. அந்தப் புரோகிராம் எப்படி ஓடும் என்பதைத்தான் சொன்னார். அம்மா தரையைக் காட்டி மெத்தைக் கடைக்காரரிடம், "இதுல எங்கயோதான் நான் இருக்கேன். இவ்வளவு வெளிச்சத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று முனகிக்கொண்டிருந்தாள். தலைவர் திரும்பிப் பார்த்தார். அம்மா வலது கையை இடது கையால் தூக்கி வணக்கம் வைத்தாள். தலைவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வெளியே போனார்.

நிலையம் எங்கள் பக்கத்துக்கு வந்தது. உடனே வந்துவிடவில்லை. ஏரிக்கரை உறுப்பினர் கடைசிவரை முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். வந்தது ஒரு தகரக் கொட்டகைதான், ஒரு வண்டிதான், மெத்தைக் கடைக்கு நேர் எதிரே. இப்போது தன் வேனை நிறுத்த இடமில்லை என்று மெத்தைக் கடைக்காரர் தினமும் புலம்புகிறார்.

அத்தானுக்கு வேலை போகவில்லை. கூலிங்கிளாஸ் அவரை அனுப்பத்தான் இருந்தார். அதற்குள் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது, கூட்டம் குவிந்தது. 'வண்டி வந்தால்தான் அணையும்' என்று கூலிங்கிளாஸ் டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட்டார். வாசலில் ஒரு மேஜை போட்டு, கண் கூசாமல் இருக்க ஆளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாடகைக்குக் கொடுக்கிறார். எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் வராமல் தவித்தவர்களை இன்றைக்கு ஜனங்கள் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, ஆகா என்கிறார்கள். வெளியே வந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள்.

அத்தானோ, அந்தக் காலை வேளையில் தானே எல்லாவற்றையும் துணிந்து முடிவு செய்தது மாதிரி சாப்பிடும்போது எல்லாம் கதை சொல்கிறார். சல்லடை போட்டது யார் என்ற பகுதி கதையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. அது குறைகிற போதெல்லாம் அக்கா, "ஓட்டை விழுதுங்க, பாத்து" என்கிறாள். அவர் உடனே வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்.

கொட்டகைக்கு வண்டி வந்த முதல் வாரம், பின் தெருவில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. சைரன் கேட்டதும் அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இந்தக் கையோடு எதற்கு ஓடுகிறாள் என்று நாங்களும் பின்னால் ஓடினோம். பெரியவரைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை. நேராக டிரைவரிடம் போய் ஜன்னலைத் தட்டினாள்.

"தம்பி, வந்துட்டேன்னு பட்டனை அமுக்கினியா?"

"அமுக்கிட்டேம்மா."

"எங்க, காட்டு."

அவர் காட்டினார். இன்றைக்கு வரைக்கும் எந்த வீட்டுக்கு வண்டி வந்தாலும் அம்மா போய்க் கேட்டுவிடுகிறாள். டிரைவர்களுக்கு இப்போது பழகிவிட்டது. அம்மா தெருமுனையில் தென்பட்டதுமே, இறங்குவதற்கு முன்னால், ஜன்னல் வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிடுகிறார்கள்.